நமுக்காத தட்டை

— இன்னொரு தடவை படி, சிசுரு. நமுத்துப் போச்சுன்னுதானே எழுதியிருக்கா?

— இல்லப்பா. நமுக்கவே இல்லைன்னு எழுதியிருக்கா. மொறுமொறுன்னு இருந்துச்சாம்.

— பல்லுல கோளாறு இருக்கும் அவளுக்கு. சுட்ட சூட்டோட சோயாச் சாறுல தோய்ச்சு, வேணும்னே நமுக்க வைக்கிற தட்டை இது. இந்தச் சோஷி ஊர்ல நம்ம கடையிலிருந்து மொறுமொறுன்னு ஒண்ணு வெளிய போனதில்ல. பின்லாந்துல உக்காந்துக்கிட்டு இவ என்ன சொல்றது?

— போன வருஷம் வந்த தின்பண்டப் பெட்டியில மெத்துன்னு இருந்துச்சாம். அதுக்காகவே இன்னொரு வருஷத்துக்குச் சந்தா போட்டாளாம். இந்தத் தடவை கடிச்சதும் யாரோ ஏமாத்தின மாதிரி இருந்துச்சாம்.

— இதுக்கா முதல் பரிசு?

— பெட்டி அனுப்பற கம்பெனி வச்ச விமர்சனப் போட்டிதானேப்பா. நல்லா எழுதினா பரிசு. அடுத்த மாசம் போற பெட்டி எல்லாத்துலயும் அச்சடிச்சு வைப்பாங்க. நம்ம கடைப் பேரோட.

— டோக்கியோவுல அந்தக் கம்பெனிக்குப் போன் போடு. அச்சடிக்கக் கூடாதுன்னு சொல்லு.

— போட்டேன். பக்கத்துலயே நம்ம பதிலையும் போடறாங்களாம்.

— அவ பொய் சொல்றான்னு எழுது. அதான் பதில்.

— பொய் இல்லப்பா. ஆறினப்புறம் தோய்ச்சா அப்படித்தான் இருக்கும். சாறு உள்ள இறங்காது.

— ஆற விட்டுத் தோய்க்கிற சோம்பேறி இந்த வீட்டுல யாரு?

— நான்தான். மன்னிப்பையும் நானே எழுதிடறேன். விடுங்க.

— விடறதா? உங்க தாத்தா பேரு இருக்கு அந்தப் பொட்டலத்துல. இருபது வருஷமா உன் கையைப் பாக்கறேன், நீ ஒண்ணைக்கூட ஆற விட்டதில்ல. யாரைக் காப்பாத்தறே? புதுசா வந்த அந்த நோகுச்சியையா? அவன்னா இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பு.

— அவர் பாவம். பொட்டலம் கட்டறதோட சரி.

— அவ பொட்டலத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்காளா? அதுக்குப் பின்னால தோய்ச்சவங்க முத்திரை இருக்குமே. காட்டு.

— வேண்டாம்பா.

— காட்டுன்னு சொன்னேன்.

— உங்க முத்திரைப்பா. இப்பல்லாம் இடுக்கியில நீங்க ஒண்ணொண்ணா எடுக்கறதுக்குள்ள ஆறிடுது. மார்ச்சுல இருந்து நீங்க தோய்க்கிற எதையும் நான் வெளிய அனுப்பறதில்ல. அந்தப் பெட்டிக்குச் சரக்கு போன ஒரு நாள் மட்டும் நான் ஊர்ல இல்ல.