இரண்டாம் நாள் பதிவு

பஹீமா, பாண் விற்கும் ஓட்டோக்காரர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பின்னேரம் நாலரை மணிக்கு ஓட்டமாவடியில் எல்லோருக்கும் தேத்தண்ணீரோடு கடிக்க ஏதாவது வேண்டும். அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார். அவர் வேலையை அவர் செய்தார். என் வேலையை நான் செய்தேன்.

நீங்கள் டோஹாவிலிருந்து கேட்டது ஒரே கேள்வி. தம்பி றிஷாட் மௌத்தாகிவிட்டான் என்று உம்மாவுக்கு யார் சொன்னது? நான் இசையமைத்த படத்தில் அந்த ஒப்பாரியைக் கேட்டதுமே உம்மாவின் குரல் என்று பிடித்துவிட்டீர்கள். நல்ல காது உங்களுக்கு. தம்பியின் பெயரை மூன்று இடங்களில் வெட்டியிருந்தேன். நான்காவது இடத்தில் குரல் இறங்கும் விதத்தைக் கேட்டால் யாருக்கும் வெட்ட மனம் வராது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். மட்டக்களப்பு டவுனில் வயலின் படித்த பிள்ளைகளுக்குக் கொன்ராட் மாஸ்டர் என்ற என்னைத் தெரியும். அப்பாவிடம் மேற்கத்திய முறை படித்தேன். பிறகு ஆறு வருடம் சென்னையில் கர்நாடக முறை. இவ்வளவு படித்தவனுக்குக் கிடைத்த படங்கள் மூன்று. முதல் இரண்டையும் நானே மறந்துவிட்டேன். மூன்றாவது இன்ஷாப் இயக்கிய இந்தப் படம். அது கைக்கு வந்தபோது என் இடது காது முழுதாகப் போயிருந்தது. வலது காதுக்கு டொக்டர் ஒரு வருடம் தவணை சொல்லியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தேன்.

கடலில் மகனை இழந்த தாய் அழும் காட்சி. கொழும்புப் பாடகிகள் இருவரை வைத்துப் பதிந்தேன்.

"மாஸ்டர், இது பாட்டு. எனக்கு அழுகை வேணும்" என்றார் இன்ஷாப். இன்னொரு தடவை சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் மரியாதையாகவே சொன்னார். அந்தக் கிழமைதான் உங்கள் உம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஸைனம்பு கவி பாடினால் கல்யாண வீடே வாய்மூடிக் கேட்கும் என்றார்கள்.

நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் பிளேன்டீ தந்தார். தன் இருதயத்துக்கான குளிசைகளை என் முன்னால்தான் விழுங்குவார்.

"அவன் வாற வரைக்கும் நான் உசிரோட இரிக்கணுமே மாஸ்டர். அதுக்குத்தான் இந்தக் குளிசை."

றிஷாட் மீன்பிடிக்கப் போன வள்ளம் வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போய் நான்கு வருடம். பர்மாப் பக்கம் ஒதுங்கி, வருடம் கழித்து வீடு வந்த ஆட்களும் உண்டுதானே. அதனால் அவனுடைய சாரம் ஒன்று எப்போதும் துவைத்துக் கொடியில் கிடந்தது.

கவி எத்தனை வேண்டுமென்றாலும் பாடினார். ஒப்பாரி மட்டும் மாட்டேன் என்றார்.

"ஆரும் மௌத்தாகாத ஊட்டுல ஒப்பாரி வைக்கப்புடா மாஸ்டர்."

அது நியாயமான காரணம். நான் அதை மதித்தேன். ஐந்தாம் முறை போனபோது முதலில் பதிவுக் கருவியைப் பாயில் வைத்து, ஓடவிட்டு, சத்தத்தின் அளவைச் சரிபார்த்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன். வள்ளம் பர்மாக் கரையில் கிடைத்திருக்கிறது, மையித்துகளை அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்று கொழும்பில் ஒருவர் சொன்னதாக.

"எல்லாருமா?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா."

அரசாங்கக் கடிதம் வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். உம்மா அதைக் காப்பாற்றினார். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரும் அவருடன் வந்து இருக்கவில்லை.

எழுந்து போய்ச் சாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தொடங்கினார்.

"கோப்பையில சோறு வெச்சி, கொடியில சாரம் போட்டு
காத்திருந்தேன் றிஷாடே, கடலுனக்கு ஊடாச்சோ..."

நான் அழுதேன். அதை மறைக்க மாட்டேன். நாற்பது வருடம் படித்ததில் எங்குமே கேட்காத சுரங்கள் அவை. நாலாவது கவியில் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. அதன் பாட்டு, உம்மாவின் சுருதிக்கு அரைச் சுரம் தள்ளி, முடியும்வரை கூடவே ஓடியது.

அன்றே உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதாகத்தான் இருந்தேன். சொல்லவில்லை. அடுத்த நாள் ஓட்டோ வருவதற்கு முன்பே போனேன். கடிதம் வந்ததும் பஹீமாவுக்கு அனுப்பவென்று நேற்றுப் பதிந்தது தெளிவாக இல்லை, பிள்ளை கேட்க வேண்டுமே, இன்னொருமுறை பாடுங்கள் என்றேன். உங்கள் பெயரைச் சொன்னதும் மறுக்கவில்லை.

முந்தின இரவுக் குளிசையும் அன்று காலைக் குளிசையும் பெட்டியில் அப்படியே கிடந்தன. பார்த்தேன். ஏன் என்றும் விளங்கியது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாடியிருக்க மாட்டார்.

நான்காம் நாள் சொல்லத்தான் போனேன். வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. பக்கத்து வீட்டு முத்தலிப் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு வலி மாஸ்டர். என்னமோ, குளிசைய உட்டிரிக்கா" என்றார். ஜனாஸா போகும்போது பின்னால் நடந்தேன். அங்கே சொல்வது முறையில்லை என்று பட்டது.

உங்கள் கேள்விக்குப் பதில் இது. உம்மாவுக்குச் சொன்னது நான். றிஷாட் இருக்கிறானா இல்லையா என்பது உங்களைப் போலவே எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் மிச்சம். படத்தில் நீங்கள் கேட்டது முதல் நாள் பதிவு. ஓட்டோவின் பாட்டை அதிலிருந்து கொழும்பு ஸ்டூடியோவில் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். எடுக்கலாம் என்பது எனக்கு அன்றே தெரியும். இரண்டாம் நாள் நான் போனது, என் காது இருக்கும்போதே இன்னொருமுறை கேட்பதற்கு.

அந்தப் பதிவை யாருக்கும் கொடுக்கவில்லை. உங்களுக்கு அனுப்புவதாக உம்மாவிடம் சொல்லியிருந்தேன், சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை நான், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் மகள். போனில் கேட்டால் அந்தக் குரலின் அடி விளங்காது.