ஹெல்மெட்டோட டீ குடிக்கிறவர்

அட, எதுக்கு எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. மாஸ்டர், தம்பிக்கு இன்னொரு டீ. மூணு நாளா எங்க வீட்டுக்கு எதிர்லயே உக்காந்திருக்கீங்க. ஹெல்மெட்டக் கழட்டாம டீ குடிக்கிற ஆள சேலையூர்ல யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல.

இல்ல இல்ல, கதை விடாதீங்க. வாடகைக்கு வீடு தேடறவரு, பக்கத்து வீட்டு அஞ்சம்மாள்கிட்ட தினகரன் சார் குடிப்பாரா, அவர் பொண்ணு ஓவியா யார்கூடயாவது பைக்ல போகுதான்னு எதுக்குக் கேக்கணும்? வீடு தேடறவங்க தண்ணி உப்பா நல்லதான்னுதான் கேப்பாங்க. நான்தான் அந்த தினகரன். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்ட விசாரிக்க வந்த டிடெக்டிவ் நீங்க. சரியா?

கோவமா? சேச்சே. உங்க தொழில் மேல எனக்கு ஒரு பக்தியே உண்டு. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துல பழைய புக் கடைல, அட்டை கிழிஞ்ச இங்கிலீஷ் துப்பறியும் நாவல் எது வந்தாலும் நான்தான் வாங்குவேன். அமெரிக்காக்காரன் எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. நீங்க ஒண்ணுகூடப் படிச்சதில்லையா? அடப்பாவமே.

அதுல வர்ற டிடெக்டிவ் பெரிய மூளைக்காரன்லாம் இல்ல தம்பி. சிகரெட் சாம்பலப் பாத்துட்டு கொலைகாரன் பேரச் சொல்லமாட்டான். போவான், கேப்பான், எல்லாரும் பொய் சொல்லுவாங்க. பின்னாலேர்ந்து மண்டையில ஒண்ணு போடுவாங்க. முழிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு, மறுபடி அதே வீட்டுக்குப் போய் நிப்பான். மிரட்டினாலும் கெஞ்சினாலும் கண்டுபிடிச்சத மறைக்கமாட்டான். கடைசில ஒருத்தரும் அவனுக்கு நன்றி சொல்லமாட்டாங்க. அந்த எடத்த மட்டும் நான் ரெண்டு தடவ படிப்பேன். கவர்மெண்ட் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் நீட்டின எடத்துல கையெழுத்துப் போட்டவன் நான். அதனாலயோ என்னவோ.

நோட்ல என்ன எழுதியிருக்கீங்க, காட்டுங்க. நல்ல குடும்பம். அமைதியான பொண்ணு. அவ்வளவுதானா? மூணு நாள்ல? எங்க வீட்டுக் குப்பையப் பாத்தீங்களா? கேம்ப் ரோடு மெடிக்கல் ஷாப்ல மாசாமாசம் என்ன வாங்கறோம்னு கேட்டீங்களா?

ஏன்னா, ஓவியாவுக்கு வலிப்பு இருக்கு தம்பி. பதினாலு வயசுலேர்ந்து. ஒழுங்கா மாத்திரை போடறதால ஆறு வருஷமா ஒண்ணும் வரல. வேலைக்குப் போறா, வர்றா, என்னை நல்லாக் கிண்டல் பண்றா. மாப்பிள்ளை கிரீஷ் வீட்ல மூச்சு விடக்கூடாதுன்னு என் சம்சாரம் சந்திரிகா, பொண்ணு தலைமேல என் கைய வச்சு சத்தியம் வாங்கிட்டா. நானும் தலையாட்டிட்டேன். ஆபீஸ் பழக்கம்.

போன வாரம் ஓவியா ஒரு வைட்டமின் டப்பா வாங்கிட்டு வந்து, மாத்திரையெல்லாம் அதுல கொட்டி வச்சா. மாமியார் வீட்ல யாரும் பாக்காதப்ப போட்டுக்கறேம்பா, முடியாத அன்னிக்கு விட்டுடறேங்கறா. விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பாத்ரூம் கதவ ஒடைச்சு அவளத் தூக்கினவன் நான்.

அதனால எழுதுங்க. டாக்டர் பேரு, மாத்திரை பேரு, எல்லாம் சொல்றேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும், புள்ள இருக்கணும்.

யார்கிட்ட கேக்கணும்? உங்க க்ளையண்ட்டா? பொழிச்சலூர்லேர்ந்து மாப்பிள்ளையோட பெரியப்பா பேசறேன், ரிப்போர்ட்ட நேரா மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பிடுங்கன்னு சொன்னாரே, அவரா?

கிரீஷுக்குப் பெரியப்பாவே கிடையாது தம்பி. பேசினது நான்தான்.