ஐயம் அகற்றாத அண்ணலுக்கு

கோட்டைமேட்டில் பிறந்து, துடியலூரில் குடியேறி, கிரேக்கத்துக்கும் பாக்தாத்துக்கும் பஸ் ஏறாமலே போய்வந்த பெருந்தகையீர்! அறிவுக்கு ஆதி தேடி அலைந்து, அந்தம் காணாமல் திரும்பியும் அயராத ஆசானே! வரலாற்றுத் துறைத் தலைவர், பேராசிரியர் அப்துல் நாசர் அவர்களே! இந்த அவை தங்களை வணங்கி வரவேற்கிறது.

ஓய்வு பெறுவோருக்கு வாசிக்கும் மடலைத் தமிழ்த் துறைதான் எழுதும் என்பது நம் கல்லூரி வழக்கம். அதில் எது மாறினாலும் ‘மாணவர் ஐயம் அகற்றிய அண்ணலே’ என்ற வரி மட்டும் மாறாது. கணிதத்துக்கும் அதுதான், வேதியியலுக்கும் அதுதான், ஒருமுறை உடற்கல்வி இயக்குநருக்கும் அதையே வாசித்தோம். இம்முறை எழுதும் பொறுப்பு பொற்கொடி அம்மையாருக்கு வந்தது. பழக்க தோஷம், அவரும் அதே வரியைப் போட்டு ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினார். பொருளியல் துறை ஜெரோம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், நாசர் சார் எப்பங்க ஐயத்த அகத்துனாரு? தெளிவா வந்தவனையுங் கொழப்பித்தானுங்க உட்டாரு.”

அறையே சிரித்தது. பொற்கொடி அம்மையாரும் சிரித்தார். சிரித்து முடித்து அந்த வரியை அடித்த பிறகு, அதன் இடத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு பணியாற்றிய ஒருவரைப் பற்றி, அவர் எதில் வல்லவர் என்று ஒரு வரி சொல்ல முடியாமல் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

அவருக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. தாங்கள் தொடங்கி, தாங்களே நடத்திவந்த ‘அறிவு நடந்த வழி’ என்ற விருப்பப் பாடம், எடுக்க ஆள் இல்லாவிட்டால் இந்த ஆண்டோடு நின்றுவிடும். தங்களுக்குப் பிறகு எடுக்கத் தாங்கள் சொன்ன ஒரே பெயர் பொற்கொடி. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதல்வர் அவரை அழைத்துச் சொல்லியே விட்டார்: “விழா முடியறதுக்குள்ள ஒரு பேரு வேணுமுங்க மேடம். இல்லீன்னா பாடத்த நிறுத்திருவோம்.” அம்மையாருக்கோ அரபு தெரியாது, கிரேக்கம் தெரியாது. தமிழையே முழுதாகத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் கூசும். தெரியாத ஒன்றை எப்படி நடத்துவது என்ற அச்சத்தோடு, மடலுக்குச் செய்தி கேட்கும் சாக்கில், தங்கள் மாணவி ஹர்ஷிணியைப் பிடித்தார்.

ஹர்ஷிணி உடுமலைப்பேட்டைப் பெண். தாங்கள் ஒருநாள் தங்கள் மாமாவின் யுனானி மருந்துக் கடையிலிருந்து லேகிய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த கதையை அவள் சொன்னாள். யுனானி என்றால் கிரேக்கருடையது என்று பொருள். அந்தக் கிரேக்க மருத்துவ ஏடுகளைப் பாக்தாதில் அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் சிரியாக் மொழி பேசிய கிறித்தவர்கள். அரபியரும் பாரசீகரும் அந்த மருத்துவத்தை வளர்த்தார்கள். டப்பாவுக்குள் இருந்ததோ நம் மேற்கு மலைத் திப்பிலி. அந்த லேகியத்தை நக்கி இருமல் தீர்ந்தவர் ஹர்ஷிணியின் பெரியப்பா. இது யாருடைய மருந்து என்று தாங்கள் கேட்டீர்களாம்.

“மூணு கட்சியாப் பிரிஞ்சு பேசுனோமுங்க மேடம். யாரு என்ன சொன்னாலும் சார் ‘அப்புறமுங்க?’ன்னு மட்டுந்தான் கேட்டாரு. மணி அடிச்சுது, டப்பாவ மூடிட்டுப் போயிட்டாருங்க. இன்னும் வெடை தெரியலீங்க.”

“கோவம் வரலியா கண்ணு?”

“வந்துச்சுங்க. அந்தக் கோவத்துலதானுங்க லைப்ரரிக்கே மொதல்முறையா போனேன்.”

பொற்கொடி அம்மையாருக்கு இது பாராட்டா, புகாரா என்று விளங்கவில்லை. வேறு வழியின்றி, சென்ற ஞாயிறு துடியலூருக்கே வந்துவிட்டார். தங்கள் துணைவியார் யாஸ்மின் அம்மையார் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் கேட்டார்: “ஒரேயொரு வெடை மட்டும் சொல்லுங்க சார். இந்தப் படிப்பெல்லாம் மொதல்ல யாருதுங்க? அது தெரிஞ்சாத்தான் நான் வகுப்புல நிக்க முடியும்.”

தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “நானும் அதத்தானுங்க மேடம் இத்தன வருசமாத் தேடறேன். எந்தக் கதவத் தட்டுனாலும், ‘நாங்க பக்கத்தூர்ல வாங்குனோம்’ங்கறாங்க. பக்கத்தூருக்குப் போனா அவுங்களும் அதயேதான் சொல்றாங்க. தெரிஞ்சுட்டுத்தான் நடத்தோணும்னா நானே நடத்தியிருக்க மாட்டனுங்க.”

“உங்களுக்கே தெரியாததையா சார் என் தலையில கட்டறீங்க?”

“ஆமாங்க.”

யாஸ்மின் அம்மையார் குறுக்கே வந்தார். “ஊட்லயும் இதே கதைதானுங்க. கொழம்புல உப்பு போதுமான்னு கேட்டா, இந்த உப்பு எந்தக் கடல்ல இருந்து வந்துச்சுன்னு கேப்பாரு. நானே ருசி பாத்துக்கறேனுங்க.”

அன்று பொற்கொடி அம்மையார் கோபமாகத்தான் திரும்பினார். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தமிழ் எழுத்தை முதலில் அச்சில் கோத்தவன் எந்த ஊரான், அவனுக்கு அந்தத் தொழிலை யார் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று ஒரு கேள்வி அவருக்குள் புகுந்துகொண்டது. இருபது ஆண்டாகத் தமிழ் நடத்துகிறவர், ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வந்தது. துடியலூர் போகும் முன் அவருக்கு ஒரு குழப்பம்தான் இருந்தது. காந்திபுரத்தில் இறங்கும்போது குழப்பங்களை எண்ணி மாளவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் அடுத்த நாள் மாலை அவர் நூலகத்தில் இருந்ததை நாங்கள் பார்த்தோம். அதற்கடுத்த நாளும் அங்கேதான் இருந்தார். அதனால் இந்த மடலை, அவர் சொல்லக் கேட்டு, நாங்களே எழுதி முடித்தோம்.

இனி வரும் வரிகள் அச்சில் இல்லை, இன்று மதியம் கையால் எழுதிச் சேர்த்தவை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க. சற்று முன் முதல்வர் அறைக்குப் போன பொற்கொடி அம்மையார் தம் பெயரைக் கொடுத்துவிட்டார். தெளிந்துவிட்டீர்களா என்று முதல்வர் கேட்டதற்கு, “இல்லீங்க சார், நல்லாக் கொழம்பிட்டேனுங்க, அதான் வந்தேன்” என்றாராம். முதல்வருக்கு அது புரியவில்லை. எங்களில் பலருக்கும் இன்னும் புரியவில்லை. ஆயினும் பாடம் நிற்கவில்லை என்பது மட்டும் புரிகிறது. அதில் எங்களுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

ஆகவே, ஐயம் விதைத்து அறிவு வளர்த்த அண்ணலே! கால் நோகாமல், கண் மங்காமல், யாஸ்மின் அம்மையாரோடு பல்லாண்டு நலமாய் வாழ்க. காலையில் நடை போங்கள், மதியம் உறங்குங்கள், உப்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஜூன் மாதம் முதல் வகுப்பன்று தவறாமல் கல்லூரிக்கு வாருங்கள். கடைசி வரிசையில் தங்களுக்கு இடம் போட்டு வைத்திருப்போம். நடுவில் எங்காவது பொற்கொடி அம்மையார் திணறி நிற்பார். வகுப்பே தங்களைத் திரும்பிப் பார்க்கும். அப்போது விடை தெரிந்திருந்தாலும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்களால் குழம்பி, தங்களைப் பிரியக் கலங்கும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்