கேமரா முன்னால் சந்தனக் குறி

ஸ்ரீகுமார்: ...அதான் சொல்லுகேன் ஷில்பா, சர்டிபிகேட் இல்லாதவன் ஐ.டி.யில மனுஷனே இல்ல! எட்டு வருஷமா சர்வரையெல்லாம் நான்தான் பாக்கேன். கிளையண்டுக்கு அது பத்தாதாம்.

ஷில்பா: வடை ஆறுது. சாப்பிடுங்க.

ஸ்ரீகுமார்: நேத்து வந்த பயலுக்கு மூணு சர்டிபிகேட். சர்வர் நின்னா என்னைத்தான் கூப்பிடுவான். ஆனா டீம் லீடு அவன்!

ஷில்பா: மெதுவா... அந்த மேசையில ரெண்டு வீட்டுக்காரங்களும் நம்மளையே பாக்காவ. பொண்ணு பார்க்க வந்த இடத்துல சண்டைன்னு நினைச்சுருவாவ.

ஸ்ரீகுமார்: எங்கம்மாவாலதான் எல்லாம்!

ஷில்பா: அவங்க என்ன செஞ்சாவ?

ஸ்ரீகுமார்: அந்த சர்டிபிகேட்டுக்கு வீட்டுல இருந்து ஆன்லைன்ல பரீட்சை எழுதினேன். கேமராவுல ஒரு ஆள் நம்மளைப் பாத்துட்டே இருக்கும். ரூமுக்குள்ள வேற யாரும் வரப்படாது. உங்களுக்கு இதொண்ணும்...

ஷில்பா: கொஞ்சம் தெரியும். சொல்லுங்க.

ஸ்ரீகுமார்: பாதிப் பரீட்சை. எங்கம்மா கோயில்ல இருந்து நேரா உள்ள வந்து, சந்தனத்தை எடுத்து நெத்தியில ஒரு இழு! போச்சு. பரீட்சை ரத்து.

ஷில்பா: ஐயோ...

ஸ்ரீகுமார்: சிரிக்காதீங்க!

ஷில்பா: சிரிக்கல்ல. அம்மாவைத் திட்டினீங்களோ?

ஸ்ரீகுமார்: பின்னே? 'என் வாழ்க்கையைக் கெடுத்ததே நீதான்'னு கத்திட்டேன். அதுலேருந்து என் ரூமுக்குள்ள கால் வைக்கமாட்டாவ. காபியைக்கூட வாசல்லயே வச்சுட்டுப் போறாவ.

ஷில்பா: பாவம்... அந்த மேசையிலயும் அவங்க ஒண்ணும் சாப்பிடல்ல, பாருங்க. சரி, திரும்ப எழுதலாம் அல்லே?

ஸ்ரீகுமார்: எங்க? ஒரு வருஷத்துக்கு விடமாட்டானாம்.

ஷில்பா: அம்மா உள்ள வந்ததுக்கா... ஒரு வருஷம்?

ஸ்ரீகுமார்: ...ஆமா. அவன் ரூல் அப்படி.

ஷில்பா: நெசமாவா?

ஸ்ரீகுமார்: என்ன நீங்க, போலீஸ் மாதிரி! விடுங்க. உங்களுக்கு ஏதோ சப்போர்ட் வேலைன்னு தரகர் சொன்னாரு. நைட் ஷிப்ட் உண்டோ?

ஷில்பா: சப்போர்ட் இல்ல. வீட்டுல இருந்து பரீட்சை எழுதுறவங்களைக் கேமராவுல பாக்கிற வேலை.

ஸ்ரீகுமார்: ...எந்தா?

ஷில்பா: உங்க போட்டோ வந்த அன்னைக்கே ஆளைத் தெரிஞ்சுது. மடியில போனை வச்சுப் பாத்துப் பாத்து எழுதினீங்க. ரெண்டு தடவை எச்சரிச்சேன், கேக்கல்ல. நான் பரீட்சையை நிறுத்தின பிறகுதான் உங்கம்மா கதவையே தொறந்தாவ. இப்பச் சொல்லுங்க... அவங்ககிட்ட நீங்க போய்ச் சொல்லுதீங்களா, நான் போகட்டா?