உபதேசியார் எழுதாத நூல்

கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இந்தத் தாமுவே பேட்டையில் நல்ல தேநீர் கிடைப்பதில்லை. உங்கள் காவல் நிலையத்தில் கிடைக்கிறது ஐயா. நன்றி.

என் பெயர் ஞானசுந்தரம். மிஷன் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். பள்ளியையும் எடுத்துக்கொண்டார்கள். கிடைத்த ஓய்வில் ஒரு பழைய துறவியைப் படித்தேன். சிரியா நாட்டுப் பக்கம் வாழ்ந்தவர் என்கிறார்கள்; பெயர் யாருக்கும் தெரியாது. சர்வேசுரனை இன்னது அல்ல, இன்னது அல்ல என்றுதான் சொல்ல முடியும், அவர் இருளுக்குள் இருக்கிறார் என்று எழுதினார். எழுதிவிட்டு, வேதாகமத்தில் வரும் அர்ச். சின்னப்பரின் சீடர் ஒருவருடைய பெயரைப் போட்டுவிட்டார். அதனால் ஆயிரம் வருடம் பண்டிதர்களெல்லாம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சொந்தப் பெயரைப் போட்டிருந்தால் பக்கத்து மடத்தில்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அவர் வழியில் நானும் ஒரு சிறு நூல் எழுதினேன். என் பெயரோடு கொடுத்தபோது பங்குச் சாமியார் அதை விசிறியாக வீசிக்கொண்டார். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில் இருந்த சிங்கராயர் உபதேசியாரின் பெயரைப் போட்டேன். கோவிலில் ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்து, எல்லாரும் புனிதராக மதித்த கிழவர். கோவில் கோவிலாக வாசித்தார்கள். மிங்கலாடோனில் பெண்கள் அழுதார்களாம்.

துறவிக்கு ஒரு வசதி இருந்தது. அவர் பெயரெடுத்த சீடர் செத்துப்போயிருந்தார். சிங்கராயர் உயிரோடு இருந்தார்.

அவருக்கு நெஞ்சு நோய். நான்தான் படகேறிப் போய் மருந்து கொடுத்து வந்தேன். ஒருநாள் சொன்னார்:

"தம்பி, அந்தப் பொஸ்தகம் நான் எழுதல. எவன் எழுதினானோ, பாவம், அவன் பேரை நான் வாங்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை பூசையில சொல்லிப்புடறேன். எனக்கு அதுல ஒண்ணுமே வெளங்கவும் இல்ல."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். என் தாழ்ச்சி இடம் கொடுக்கவில்லை.

டாக்டர் சில சொட்டுகள்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். அன்று சீசாவில் இருந்ததையெல்லாம் கலந்தேன். கசக்கிறது என்றார். வாந்தி எடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நீ நல்ல மனுஷன் என்றார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு நோய் என்றே டாக்டர் எழுதினார். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அடக்கத்தில் சாமியார் என் நூலை வாசித்தார். கூட்டம் விசும்பியது, நானும் அழுதேன். நூலில் நல்ல இடங்கள் அவை. உபதேசியாரின் மகள் மார்த்தாவிடம், அந்தத் தமிழ் எப்படி என்று கேட்டேன்.

"அப்பா எழுத்தாச்சே," என்றாள். "பாடம் நடத்துறவங்களுக்கு இதெல்லாம் வருமா வாத்தியாரே?"

அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தேன்.

கிழவரைக் கொன்றது நான்தான் ஐயா. அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் வரியாக, அந்த நூலை எழுதியவன் ஞானசுந்தரம் என்று போடுங்கள். கொலையை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.