டாக்டரம்மாவின் புதுக் கண்ணாடி

எந்தக் கம்ப்யூட்டரையும் நான் இதுவரை கோபத்தில் தட்டியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். அடுத்தவர் தட்டினால்கூட எனக்குப் பொறுக்காது.

என் பெயர் அருண்ராஜ். தேவராஜ மொஹல்லாவில் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டது நான்தான். முதலாளி கணேஷ்குமார் அப்போதே சொல்லிவிட்டார்: "ஒரு தகராறு வந்தாலும் விண்டோஸுக்கு மாத்திடுவேன்."

தகராறு வந்தது. எக்ஸ்ரே பார்க்கும் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய கிராபிக்ஸ் கார்டு. லினக்ஸைப் புதுப்பித்ததும் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், கம்பெனி கொடுத்தது, அதில் ஏறவில்லை. பழைய கார்டுகளைக் கம்பெனி கைகழுவிவிட்டது. நான் அசரவில்லை. ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய இலவச டிரைவரைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் நண்பர்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினேன். நல்ல கைதட்டல். "நீ கிங் பிடு, குரு" என்று கன்னடத்தில் மெச்சி, கூட்டத்து நண்பன் தீபக் முதுகில் தட்டினான்.

மறுநாள்தான் கவனித்தேன். சாம்பல் நிறத்தில் ஆயிரம் சாயல் காட்டவேண்டிய மானிட்டர், இப்போது அதில் கால்வாசிதான் காட்டியது. பழைய லினக்ஸுக்குத் திரும்பினால் சரியாகிவிடும்; அரை நாள் வேலை. ஆனால் கைதட்டல் காதில் இருக்கும்போதே பின்வாங்கினால் தீபக் என்ன சொல்வான், நீங்களே யோசியுங்கள்.

எக்ஸ்ரே பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மோகனப்ரியாவுக்கு மட்டும் உறுத்தியது. "படம் ஸ்வல்ப தட்டையா இருக்கே, அருண்?"

"மெஷின் கரெக்டா இருக்கு மேடம். எதுக்கும் உங்க கண்ணைக் காட்டிடுங்க."

அடுத்த வாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு எடுப்பாக இருந்தது. அதையும் சொன்னேன்.

பாப்பாயி அம்மா மார்டள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்தவர். தீராத இருமல். "ஏனுங் தம்பி, உள்ளுக்குள்ள இருக்கறதெல்லாம் இந்தப் பொட்டியில தெரியுமுங்களா?"

"எல்லாமே தெரியும்மா."

நுரையீரலில் ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். அதே படத்தை வேறு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மெல்லிய நிழலாக ஒரு கட்டி தெரிந்ததாம். டாக்டர் மேல் கேஸ் போட்டீர்கள். நான் குறுக்கே வரவில்லை. படம் பார்ப்பது அவர் வேலை.

ஆனால் நேற்று உங்கள் நிபுணர், "லினக்ஸே சரியில்லை" என்று அறிக்கை கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. டிரைவர் எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை, சார். பழைய கார்டில் என்னென்ன வராது என்று பளிச்சென்று போட்டிருக்கிறார்கள். நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் அப்படியே விட்டேன். அந்த நல்ல மனிதர்களின் பெயர் கெடக்கூடாது என்றுதான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் வீட்டு ஆட்களுக்கு அங்கே எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாப்பாயி அம்மா வந்த அதே வாரம் என் மனைவி ஸ்ரீதேவிக்கு மூச்சு வாங்கியது. குவெம்பு நகரில் வேறொரு சென்டருக்குக் கூட்டிப்போனேன். அங்கே விண்டோஸ்தான். மானிட்டர் எத்தனை சாயல் காட்டும் என்று முதலில் விசாரித்துக்கொண்டேன்.

அதை இதோடு சேர்க்காதீர்கள், சார். அது குடும்ப விஷயம்.