வேப்பெண்ணெய்க்கு நான்கு வளையம்

கிள்ளானிலிருந்து முதல் கோமுட்டர் ரயிலைப் பிடித்து, முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் பொன்னிறத்தாள் மளிகை மாளிகையின் எண்ணெய்ப் பிரிவைக் கட்டிக் காத்த கடமைச் செல்வியே! பண்பில் பழுத்த பெருந்தகையே! தனலெட்சுமி அம்மையாரே, வணக்கம்!

இதே பாணியில் பணி ஓய்வு வாழ்த்தாகப் பத்துப் பத்தி எழுதித் தரும்படிதான் நிர்வாகம் கடை ஊழியர்களான எங்களைக் கேட்டது. எழுதவும் உட்கார்ந்தோம். வயிறு எரிகிறபோது வாழ்த்து எங்கிருந்து வரும்? ஆகவே அவையோரே, அம்மையாரின் கதையை உள்ளது உள்ளபடி சொல்கிறோம். மேடையில் அமர்ந்திருப்பவர்களும் காது கொடுத்துக் கேட்கட்டும்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய். நம் கடையில் நான்குக்கும் ஒரே போத்தல், ஒரே மூடி. ஒட்டியிருக்கும் தாள் மட்டுமே வேறு. சந்து முனையில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் ரெங்கசாமி அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அலமாரி முன் போய் நின்று, யாராவது தாளைப் படித்துச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள்தான். மனம் பொறுக்காமல் போனது அம்மையார் ஒருவருக்கே.

பாசாரிலிருந்து காலையில் வரும் கீரைக்கட்டுகளில், நாம் கெத்தா என்று சொல்லும் ரப்பர் வளையம் சுற்றியிருக்கும். குப்பைக்குப் போகிற அதை அம்மையார் கழற்றிக் கழற்றித் தம் கையில் மாட்டிக்கொண்டார். நல்லெண்ணெய்ப் போத்தலின் கழுத்துக்கு ஒன்று, தேங்காயெண்ணெய்க்கு இரண்டு, விளக்கெண்ணெய்க்கு மூன்று, வேப்பெண்ணெய்க்கு நான்கு. அவ்வளவுதான், கால் காசு செலவில்லை! ரெங்கசாமி அண்ணன் தம் கூட்டாளிகளுக்குச் சேதி சொன்னார். வெள்ளைக் கோல் ஊன்றியவர்கள் செந்தூலிலிருந்தெல்லாம் வந்தார்கள். தாமே தடவிப் பார்த்து, தாமே எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து போனார்கள்.

போன ஆண்டு, முதலாளியின் பேரன் திரு. கிஷன் நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். கூடவே ஓர் ஆலோசகரையும் அழைத்து வந்தார். கீரைக்கட்டுக் கெத்தா கடைக்கு அசிங்கம் என்று அந்த மகானுபாவர் சொல்ல, ஒரே மதியத்தில் அத்தனையும் கழற்றிக் கொட்டப்பட்டன. வாசலில் சுவரளவு மின்திரை வந்தது. வாடிக்கையாளரே எங்கள் தெய்வம் என்று அதில் எழுத்து ஓடுகிறது. அதைப் படிக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பழகிய தோஷம், ரெங்கசாமி அண்ணன் மட்டும் வந்தார். வழக்கமான தட்டில் நல்லெண்ணெய் என்று நினைத்து ஒரு போத்தலை எடுத்துப் போனார். தட்டுகளும் இடம் மாறியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஆளைப் படுக்கவைத்து மூடியைத் திறந்ததும் வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடித்திருக்கிறது. படுத்திருந்தவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போத்தலோடு திரும்பி வந்த அண்ணனிடம், யாரையாவது கேட்டு எடுத்திருக்கலாமே என்றார் நிர்வாகி.

“கேட்டு வாங்குறது எல்லாக் கடையிலயும் முடியும் பாஸ். கேக்காம நானே எடுக்கிறது இந்த ஒரு கடையிலதான் முடிஞ்சுச்சு.”

அம்மையார் அருகில்தான் நின்றிருந்தார். பணி ஓய்வுக்கு என்ன பரிசு வேண்டும் என்று போன வாரம் நிர்வாகி கேட்டபோது, பொன்னாடையும் வேண்டாம் பூச்செண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கேட்டது இது ஒன்றுதான்:

“தம்பி, கெத்தாவ மட்டும் திரும்பப் போட்டுறட்டுமா?”

“ஃபேர்வெல் முடியட்டும் லா ஆன்டி, பாத்துக்கலாம்.”

முடிந்த பிறகு யார் பார்ப்பது, ஐயா? முப்பத்தோர் ஆண்டுகள் உழைத்தவர் உங்களிடம் வீடு கேட்டாரா, வாசல் கேட்டாரா? குப்பையில் போகிற வளையத்தைக் கேட்டார். அதற்கும் மனம் வரவில்லையென்றால் இந்த மண்டபம் எதற்கு, மாலை எதற்கு, மைக் எதற்கு? எங்களுக்கும் வெட்கமாக இருக்கிறது. கழற்றச் சொன்னபோது வாய் மூடிக் கழற்றிய கைகள் எங்கள் கைகள்தாம். அம்மையாரே, மன்னியுங்கள்.

இனி வரும் பத்தியை இன்று காலைதான் சேர்த்தோம். ஏழு மணிக்கே கடையைத் திறந்து, ஒரு போத்தல் விடாமல் வளையம் மாட்டிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவற்றைக் கழற்ற நினைப்பவர்கள் முதலில் எங்கள் பதினான்கு பேரையும் வேலையிலிருந்து கழற்றட்டும்.

அன்னையே! கிள்ளான் வீட்டில் காலை நீட்டி அமர்ந்து, கண்ணும் காலும் நலமாக, நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ வேண்டும். மூன்றாம் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். ரெங்கசாமி அண்ணன் மடியில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் இருக்கிறது. காலையில் அவர்தான் முதல் வாடிக்கையாளர். யாரையும் கேட்காமல் அவரே எடுத்தார்.

இங்ஙனம்,
உங்கள் கையால் வேலை பழகிய பதினான்கு பேர்,
பொன்னிறத்தாள் மளிகை மாளிகை, பிரிக்பீல்ட்ஸ்.